எக்ஸ்ரே அத்தான் மெஷின் பார்க்கிறார்

குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இடது கண்ணை இறுக்கி மூடி, வலது கண்ணை இரும்பு மேசையின் விளிம்புக்கு நேராக வைத்து, மூச்சுகூட விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார் அத்தான். பார்ப்பது ஒரு பழைய ரம்ப மெஷின். நடுவில் வட்ட பிளேடு எட்டிப் பார்க்கும் இரும்பு மேசை. பலகையை அதன்மேல் வைத்துத் தள்ளினால் நூல் பிடித்தாற்போல் அறுத்துத் தரும். மெஷின் அவருடையதல்ல. வீடும் அவருடையதல்ல. விற்பனைக்கு என்று விளம்பரம் போட்ட பாவத்துக்கு, அந்த வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, விடைத்தாள் திருத்தும் வாத்தியார் முன்னால் நிற்கிற மாணவன் மாதிரி நிற்கிறார். அத்தானின் ஒரு கை மட்டும் பின்பக்கமாக நீண்டிருக்கிறது. டீ டம்ளருக்காக.

டம்ளர் கைக்கு வந்ததும் கண்ணைத் திறப்பார். ஒரு வாய் குடிப்பார். அப்புறம் அந்தச் சத்தம் வரும். "ம்ச்."

அந்த ஒற்றைச் சத்தத்தில் எத்தனை பேர் முகம் தொங்கிப்போனதை நான் பார்த்திருக்கிறேன் தெரியுமா! பெரிய பெரிய ஆட்கள். மீசை வைத்தவர்கள். "யாருங்க இத உங்க தலையில கட்டினது?" என்று அடுத்து கேட்பார், துக்கம் விசாரிக்கிற குரலில். விற்க வந்தவர் அந்த இடத்திலேயே தன் வாழ்க்கை முழுவதையும் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவார். அத்தான் பிஸ்கட்டை எடுத்துக்கொள்வார்.

என் அக்காவைக் கட்டியவர் என்பதால் எனக்கு அத்தான். பழைய மெஷின் விற்கிற கடைத்தெருவில் அவருக்கு எக்ஸ்ரே என்று பெயர். தெருமுனையில் அவர் தலை தெரிந்ததுமே கடைக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்வார்கள். "எக்ஸ்ரே வராரு டோய்! நல்ல மெஷினையெல்லாம் உள்ள தள்ளு, இவரு பேசுறதக் கேட்டா அதுங்க அழுதுடும்." இதைக் காதில் வாங்கிக்கொண்டே அத்தான் நிமிர்ந்து நடப்பார். அதைப் பாராட்டு என்று நினைக்கிறார். சத்தியமாகத்தான் சொல்கிறேன், என்னிடம் அப்படித்தான் விளக்கினார்: "பாத்தியா, பயப்படுறானுங்க."

தோளில் எப்போதும் ஒரு துணிப்பை. அதில் ஒரு இரும்பு அளவுகோல், டார்ச், பென்சில், காதுகுடையும் பஞ்சு, அப்புறம் மண்டியிட வேண்டி வந்தால் கால்சட்டை அழுக்காகாமல் இருக்கக் கீழே விரித்துக்கொள்ள ஒரு பழைய தலையணை உறை. பஞ்சு எதற்கு என்று கேட்டேன். மோட்டார் சத்தம் கேட்பதற்கு முன்னால் காதைச் சுத்தம் செய்வாராம். டாக்டர்கூட நெஞ்சில் குழாயை வைக்குமுன் இவ்வளவு ஆயத்தம் செய்வதில்லை.

அவர் தள்ளுபடி செய்த மெஷின்களின் கதையைக் கேளுங்கள். ஒன்றில் பிளேடை ஏற்றி இறக்கும் சக்கரம் லூசாக இருந்தது, வேண்டாம் என்றார். இன்னொன்றில் சக்கரம் இறுக்கமாக இருந்தது, வேண்டாம் என்றார். மூன்றாவதாக ஒன்று வெண்ணெயில் கத்தி மாதிரி சுற்றியது. நான் குதிக்காத குறை. வெளியே வந்து என் காதில் சொன்னார், "இவ்வளவு கரெக்டா இருக்குன்னா ஏதோ வேலை பண்ணி வச்சிருக்கான்டா." மோட்டாரில் சளி பிடித்த சத்தம் என்று ஒன்றை விட்டார். சத்தமே இல்லை, அதனால் நம்ப முடியாது என்று ஒன்றை விட்டார். ஒரு வீட்டில் மெஷினைப் பற்றி ஒரு குறையும் கிடைக்காமல், "இதை வச்சிருக்கிற ரூமுக்குக் காத்தோட்டம் பத்தாது" என்றார். ரூமை யார் விற்கிறார்கள்!

வேலை டைல்ஸ் தொழிற்சாலையில், சோதனைப் பிரிவில். சூளையிலிருந்து வரிசையாக வரும் தரை ஓடுகளை விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டி, காதால் கேட்டு, உள்ளே கீறல் விழுந்ததைப் பிடித்து, சிவப்புச் சுண்ணக்கட்டியால் பெருக்கல் குறி போட வேண்டும். அதில் கெட்டிக்காரர்தான், இல்லை என்று சொல்லவில்லை. சிக்கல் என்னவென்றால், சாயங்காலம் அந்தச் சுண்ணக்கட்டியை அங்கேயே வைத்துவிட்டு வரத் தெரியாது. சாப்பாட்டுத் தட்டு, என் தலைமுடி வெட்டு, பக்கத்து வீட்டுக்காரரின் புது வண்டி, எல்லாவற்றிலும் மனசுக்குள் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. மகள் படம் வரைந்து கொண்டுவந்து காட்டினாள். "சூரியன் ரவுண்டா இல்லையேம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். குழந்தை நர்சரியில் படிக்கிறாள், ஐயா!

இப்போது வீட்டுக்குள் வாருங்கள். பார்த்து வாருங்கள், செருப்பு இடறும், ஏனென்றால் செருப்பு வைக்கும் அலமாரி கிடையாது. புத்தகங்கள் செங்கல்மேல். பீரோவுக்கு ஒரு கதவுதான். இன்னொன்று கோணலாக இருக்கிறது, நானே புதிதாகச் செய்து மாட்டுகிறேன் என்று கழற்றியவர் கழற்றியதோடு சரி; அந்த இடத்தில் அக்காவின் பழைய புடவை தொங்குகிறது. சமையலறையில் அலமாரித் தட்டு இல்லை, ஜன்னல் திண்டில் டப்பாக்கள். கேட்டால் ஒரே பதில்: "மெஷின் வரட்டும்."

கடையில் வாங்கலாமே என்றால், கடைச் சாமான் எல்லாம் மரத்தூளை ஒட்டிய அட்டை, அதை வீட்டில் வைப்பது கேவலம். தச்சரைக் கூப்பிடலாமே என்றால், அவன் கோணலாக அறுப்பான். நான் மரவேலை கற்றுக்கொண்டிருக்கிறவன், என்னிடம் கைரம்பம் இருக்கிறது, ஆசையாகப் போய் நானே செய்து தருகிறேன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "மாப்ள, இது வீடு. உன் பயிற்சிப் பட்டறை இல்ல." புது மெஷினை வாங்கிவிட வேண்டியதுதானே என்றால், "புதுசு வாங்குறவன் முட்டாள். பழசுலதான் இரும்பு இருக்கு." ஆக, மெஷின் வரட்டும். பல் தேய்க்கச் சொன்னால் அவர் மகள் இப்போது அதைத்தான் சொல்கிறாள். "மெஷின் வரட்டும்மா."

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போய்விடலாம். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், அக்காவுக்கு அந்தத் திரைச்சீலை வேலை வரும் வரைக்கும்.

அக்கா தையல்காரி. ரவிக்கை, தலையணை உறை, பள்ளிச் சீருடை என்று வீட்டிலேயே தைப்பவள். துணி வெட்டுவது தரையில். முட்டி போட்டு, துணியில் குறி போடும் சுண்ணக்கட்டியை வாயில் கவ்விக்கொண்டு, கத்திரியோடு பின்னாலேயே ஊர்ந்து ஊர்ந்து போவாள். முட்டி இரண்டும் கறுத்துத் தடித்துப்போயிருக்கின்றன. டாக்டர் தரையில் உட்காரவே கூடாது என்று சொல்லிவிட்டார். நீளமாக ஒரு மேசை வேண்டும் என்று அவள் கேட்க ஆரம்பித்தது எப்போது என்று அவளுக்கே மறந்துவிட்டது.

அப்போதுதான் புதிதாகத் திறக்கப்போகிற ஒரு தங்கும் விடுதிக்காரம்மா வந்தார். அத்தனை அறைகளுக்கும் திரைச்சீலை. அக்கா இதுவரை கண்டிராத பெரிய வேலை. மாதிரிக்குத் தைத்துக் காட்டியதைத் தடவிப் பார்த்தார், தையல் பிடித்துப்போனது. அப்புறம் அந்த அம்மா அறையைச் சுற்றிப் பார்த்துக் கேட்டார்:

"துணியை எங்க போட்டும்மா வெட்டுவ?"

அக்கா தரையைப் பார்த்தாள்.

"இங்க பாரு, வெள்ளைத் துணி. தரையில போட்டு வெட்டுனா நான் எடுத்துக்க மாட்டேன். திங்கக்கிழம காலையில துணியோட வரேன். மேசை இருந்தா குடுத்துட்டுப் போறேன். இல்லன்னா வேற எடம் பாத்துக்கறேன். கோவிச்சுக்காத."

அத்தான் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். விடுதிக்காரம்மா போனதும் வெளியே வந்து, வீரன் போருக்குக் கிளம்புகிற தோரணையில் துணிப்பையைத் தோளில் மாட்டினார். "கவலைப்படாத. இந்த வாரம் மெஷின் வருது. ஞாயித்துக்கிழம மேசை நிக்கும்."

"கடையில ஒரு மேசை..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

"அட்டையில வெட்டுவியா நீ?"

அக்கா மாதிரித் துணியை மடிக்கப் போனாள். நானும் கூட மடித்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம். இந்தத் தடவை அவர் வாங்கித்தானே ஆக வேண்டும்!

விளம்பரம் போட்டிருந்தவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். வேலை முடிந்த பிறகு பொழுதுபோக்காகத் தச்சுவேலையில் இறங்கி, கொல்லைப்பக்கக் கொட்டகையில் முக்காலி, பறவைக்கூண்டு என்று செய்துகொண்டிருந்தவர். இப்போது கை லேசாக நடுங்குகிறது, பிளேடு பக்கம் போகக்கூடாது என்று அவரே முடிவு செய்துவிட்டார். அப்படிப்பட்ட மனிதர். ஸ்விட்சைப் போடுமுன் "எல்லாரும் தள்ளிக்கிட்டாச்சா?" என்று கேட்டு, திரும்பிப் பார்த்து, எங்கள் செருப்பு வாரைக்கூட ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போட்டார். "என் சர்வீஸ்ல ஒரு கோழிய அடிச்சதில்ல தம்பி" என்றார் என்னிடம்.

மெஷினோ, ஐயோ, என்னவென்று சொல்வேன்! எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார். துருவின் நிழல்கூட இல்லை. பிளேடுக்குப் பின்னால் பலகையைத் திருப்பி எறியாமல் தடுக்கிற தகடு, மேலே கண்ணாடி மூடி, எல்லாம் கழற்றாமல் இருந்தன. பெரும்பாலான ஆட்கள் முதல் நாளே கழற்றித் தூக்கிப்போடுகிற சாமான்கள் இவை. அத்தான் மெஷினை அணைக்கச் சொல்லி, பிளக்கைப் பிடுங்கி, பென்சில் நுனியைப் பிளேடின் பக்கவாட்டில் லேசாக ஒட்டிவைத்து, பிளேடைக் கையால் மெதுவாகச் சுற்றினார். பிளேடு மாட்டியிருக்கும் தண்டு, ஷாஃப்ட் என்பார்கள், நேராக இருந்தால் பென்சில் சுற்று முழுக்க ஒரே மாதிரி உரசும். வளைந்திருந்தால் ஓரிடத்தில் உரசி, ஓரிடத்தில் விலகும். பென்சில் சர்ர்ர் என்று, ஒரே சீராக, பூனை உறுமுகிற மாதிரி உரசியது. நான் பார்த்தேன். டிரைவரும் பார்த்தார், ஆனால் என்ன பார்க்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

"ம்ச்."

"என்ன சார்?"

"ஷாஃப்ட் வளைஞ்சிருக்கு."

"இல்லைங்களே, இத்தன நாளா நல்லாத்தான..."

"நல்லாத்தான் இருக்கும். ஒரு நாள் பலகைய அப்படியே திருப்பி எறியும். வயித்துல வாங்கினா ஆள் காலி. கை உள்ள போச்சுன்னா முழங்கையோட போச்சு. நீங்க இத்தன நாள் தப்பிச்சது உங்க நல்ல நேரம்." டீயை உறிஞ்சினார். "நிமித்தலாமான்னு கேப்பீங்க. நிமித்தவே முடியாது."

டிரைவரின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. தன் இரண்டு கைகளையும் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டார், விரல்கள் எல்லாம் இருக்கின்றனவா என்பதுபோல.

வெளியே வந்து தெரு திரும்பியதும் அத்தான் என் தோளில் ஓங்கி ஒரு அடி. "தங்கம்டா! தங்கம்! இந்த மாதிரி மெஷினை நான் கனவுலகூடப் பாத்ததில்ல!"

"அப்ப ஏன் அத்தான் வாங்கல? ஷாஃப்ட் வளைஞ்சிருக்குன்னு..."

"இதெல்லாம் உனக்கு எங்க புரியும்? மொதத் தடவ போகும்போது பொருளக் கேவலப்படுத்தணும். நாலு நாள் ஊற விடணும். ரெண்டாவது தடவ போய், பாவமேன்னு வாங்கிக்கிற மாதிரி வாங்கணும். அவனே கையெடுத்துக் கும்புட்டுத் தருவான்."

பஸ்ஸில் வீடு வரும் வரை சிரித்துக்கொண்டே வந்தார். அந்த வாரம் முழுக்க அவர் மேசையின் படத்தை வரைந்து வரைந்து அழித்தார். அக்கா கடை மேசை விலை விசாரித்து ஒரு காகிதத்தில் எழுதி மடித்து வைத்திருந்தாள். அவர் அதன் முதுகில் படம் வரைந்தார்.

ஞாயிற்றுக்கிழமை. லோடு வண்டி பிடித்தாயிற்று. அக்காவும் வந்தாள். வழக்கமாக வரமாட்டாள்; இந்தத் தடவை, "நானும் வரேன்" என்று முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நாளை விடிந்தால் விடுதிக்காரம்மா வந்துவிடுவார். இன்றைக்கு மெஷின் வந்து, அதன் பிறகு பலகை வாங்கி, அறுத்து, மேசை ஆகி! அவள் வழியெல்லாம் கழுத்தில் கிடந்த அளவு நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

கொட்டகைக்குள் போனால், மெஷினை ஒரு போர்வையால் மூடி, கயிறு கட்டி, மேலே ஒரு அட்டை. பெரிய எழுத்தில்: "ஆபத்து. யாரும் தொடாதீர்கள்."

அத்தானின் முகத்தில் வெற்றிப் புன்னகை. எவ்வளவு நன்றாக ஊறியிருக்கிறது! தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, பாவம், உங்களுக்கும் எடத்தை அடைச்சுக்கிட்டு கெடக்கு. ஏதோ போட்டுக் குடுங்க, நான் எடுத்துக்கறேன்" என்றார்.

டிரைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எதை?"

"மெஷினைத்தான்."

"சார், என்ன வெளையாடுறீங்களா? அதை எப்படி சார் நான் விப்பேன்?"

"ஏன்?"

"ஏனா? நீங்கதான சொன்னீங்க, முழங்கையோட போகும்னு! அன்னையிலருந்து எனக்குத் தூக்கமே இல்ல சார். பேரப்புள்ளைங்க ஓடி வர்ற எடம். உங்களுக்கப்புறம் ரெண்டு பார்ட்டி வந்தாங்க. கேட்ட காசு தரேன்னாங்க. ஒரு நிபுணர் வந்து பாத்துட்டு ஷாஃப்ட் வளைஞ்சிருக்குன்னாரு, தெரிஞ்சே உங்க கையக் காவு குடுக்க மாட்டேன்னு திருப்பி அனுப்பிட்டேன்." அட்டையை நேராக நிமிர்த்தி வைத்தார். "மோட்டார் பெல்ட்டக்கூடக் கழட்டி எறிஞ்சுட்டேன். நாளைக்கு உடைச்சுப் போடறதா இருக்கேன். அறுபது பேர உக்கார வச்சு ஓட்டினவன் சார் நான்."

எனக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா, இன்றுவரை தெரியவில்லை. இப்படி ஒரு மனிதர்! அத்தானின் ஜாலம் பலித்ததுதான், ஆனால் அளவுக்குமேல் பலித்துவிட்டது. அவர் ஊற வைத்தது அழுகியே போய்விட்டது.

"நான் ரிப்பேர் பண்ணிக்குவேங்க" என்றார் அத்தான், குரல் கொஞ்சம் இறங்கி.

"நிமித்தவே முடியாதுன்னீங்களே."

"அது... சாதாரண ஆளால முடியாது."

"வேணாம் சார். உங்க வீட்டம்மா நிக்கிறாங்க. இவங்க முன்னாடி நான் அதைத் தூக்கிக் குடுப்பனா?"

அக்கா அத்தானைப் பார்த்தாள். மெதுவாகத்தான் கேட்டாள். "ஏங்க, நெஜமாவே வளைஞ்சிருக்கா?"

அத்தான் துணிப்பைக்குள் எதையோ துழாவினார். டிரைவர்தான் வழியும் காட்டினார், அந்த நல்ல மனிதர். "அன்னைக்கு அவசரத்துல பாத்திருப்பீங்க சார். மனுசன்தான, கண்ணு தப்பும். இன்னொரு வாட்டி பாருங்க. நல்லா இருக்கு, நான்தான் தப்பாப் பாத்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. ஒடனே ஏத்திக்கோங்க. நீங்க குடுக்கிறதக் குடுங்க."

ஒரு வார்த்தை! தப்பாகப் பார்த்துவிட்டேன். அவ்வளவுதான். பொய் சொன்னேன் என்றுகூடச் சொல்ல வேண்டாம். அந்த ஒரு வார்த்தைக்கு அந்தப் பக்கம் மெஷின், மேசை, விடுதியின் அத்தனை ஜன்னல்கள், அக்காவின் முட்டி.  சொல்லுங்க அத்தான், சொல்லுங்க அத்தான் என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

டிரைவர் கட்டை அவிழ்த்துப் போர்வையை எடுத்தார். அத்தான் தலையணை உறையை விரித்து மண்டியிட்டார். பென்சில் நுனியைப் பிளேடில் ஒட்டிவைத்து, சுற்றினார். பெல்ட் இல்லாததால் பிளேடு இன்னும் இலகுவாகச் சுற்றியது. சர்ர்ர். முழுச் சுற்றும் ஒரே சீர். அவர் தலையைத் தூக்கி எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். காதுமடல் சிவந்திருந்தது. வாயைத் திறந்தார். மூடினார்.

"இன்னொரு தடவ சுத்தறேன்" என்றார்.

இந்தத் தடவை நான் எதிர்ப்பக்கம் குனிந்துவிட்டேன். பென்சிலைப் பிடித்திருந்த கட்டைவிரல் எனக்கு நேராக இருந்தது. பிளேடு பாதிச் சுற்று வந்ததும் அந்தக் கட்டைவிரல் ஒரு நூலளவு பின்னால் போனது. உரசல் நின்றது. சுற்று முடியும்போது விரல் மறுபடி முன்னால் வந்தது. சர்ர்ர்.

"பாத்தீங்களா?" என்றார் அத்தான் டிரைவரிடம். "வளைஞ்சுதான் இருக்கு. நான் பாத்தா தப்பாது."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "அத்தான், உங்க கட்ட..." என்று தொடங்கினேன். தோளில் ஒரு கை விழுந்து அழுத்தியது. அக்கா. அவள் கண் அந்தக் கட்டைவிரலின் மீதே இருந்தது. கால் அங்குலப் பிசகைத் துணியில் பார்த்தே கண்டுபிடிக்கிறவள், அவளுக்கா தெரியாது? என் தோளை விடவில்லை. அந்தக் கையின் கனத்தை இதை எழுதும்போதும் உணர்கிறேன். எதையோ பல வருஷமாகத் தாங்கிய கை.

"சரி, விடுங்க" என்றாள், தரையில் கிடந்ததை மடித்து எடுத்து வைக்கிற மாதிரி. அப்புறம் கொட்டகையின் பின்சுவரைப் பார்த்தாள். "ஐயா, அதக் குடுப்பீங்களா?"

சுவரோரமாக ஒரு நீள மேசை. மேலே பெயின்ட் டப்பாவும் பறவைக்கூண்டுகளும்.

"எது, அதுவாம்மா? அது சும்மா, அறுத்த பலகைய வச்சுத் தேய்க்கிறதுக்கு நானே செஞ்சது. பழைய கதவு ரெண்டு சும்மா கெடந்துச்சு, அதை அறுத்துச் சேத்தேன்."

"இந்த மெஷின்லயா?"

"ஆமாம்மா."

அக்கா கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்தாள். இந்த முனை, அந்த முனை, நடு. குறுக்கே மூலைக்கு மூலை. ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல். அப்புறம் அத்தானைத் திரும்பிப் பார்க்காமல், ஆனால் கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "வளைஞ்ச மெஷின்ல அறுத்தே இவ்வளவு நேரா வந்திருக்கு பாருங்களேன்!"

"அதாம்மா எனக்கும் புரிய மாட்டேங்குது" என்றார் டிரைவர், உண்மையான ஆச்சரியத்தோடு.

லோடு வண்டிக்காரர் இருமுகிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

"எடுத்துக்கோம்மா. இது யார் கையையும் கடிக்காது" என்று டிரைவர் கூண்டுகளை இறக்கிவைத்தார். அக்கா முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவர் கையில் வைத்தாள். அத்தான் அந்தப் பக்கம் மெஷினின் அடியில் டார்ச் அடித்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். எதைத் தேடினார் என்று யாரும் கேட்கவில்லை.

"காலு கொஞ்சம் மொத்தம். அழகா இல்ல" என்றார் கடைசியில், மேசையைப் பார்த்து.

"துணிய மேலதாங்க போடப்போறேன், கால்ல இல்ல" என்றாள் அக்கா.

பழைய தேக்கு. கனமான கனம். ஒரு மூலையில் டிரைவர், நடுங்கும் கையோடு, நான் வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல். ஒன்றில் லோடு வண்டிக்காரர். ஒன்றில் நான். நான்காவதில் அக்கா, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்த முட்டிகளோடு. கொட்டகை வாசற்படியைத் தாண்டும்போது என் மணிக்கட்டு பிய்ந்துவிடும்போல் இருந்தது.

அத்தான் எங்களோடுதான் வந்தார். மேசையின் நடுவில், பலகைக்கு அடியில் இரண்டு விரலை மட்டும் கொடுத்து, பல்லைக் கடித்து, நெற்றி நரம்பு புடைக்க, "பாத்து, பாத்து, கோணாமத் தூக்குங்க" என்று சொல்லிக்கொண்டே.